நான்கு நாள், இருவர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். தமிழ், வீட்டில் அப்பா பழைய வாரப்பத்திரிகைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு, மஞ்சள் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக சாம்பிள் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதியவை எல்லாம் சாம்பிள் பொட்டலங்களின் மேல் ஒட்டும் சீட்டுகள்தான். 'நார் குறைவு', 'ஈரம் இல்லை', 'வண்டு உண்டு' என்ற அளவுக்கு மேல் எழுத வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை. பேச்சும் எனக்கு வராது. ஒருவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. வருஷக்கணக்காகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர் காலமாகிப் பத்து வருஷமாகிறது. இனி அதைச் சொல்ல வேறு இடம் தெரியாததால் இங்கே எழுதுகிறேன்.

என் தகரப் பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது. கார்பன் தாள் வைத்து எழுதிய நகல். மெல்லிய தாள் என்பதால் மடிப்புகளில் விட்டுப்போய், பின்னால் ஒட்டுப்போட்டிருக்கிறேன். மேலே என் கையெழுத்தில், 'கியூஷு தீவு. நான்கு நாள். இருவர்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே நான்கு நாட்களுக்குமான ரயில் நேரங்கள், இறங்கும் ஊர்கள், பார்க்க வேண்டிய இடங்கள். இடது மூலையில் குண்டூசி குத்தி ஒரு போட்டோ. எர்ணாகுளத்தில் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. யாரோ அதட்டியதற்குப் பயந்தவன்போல அதில் நான் விழித்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானில் இருக்கும் அந்தத் தீவுக்கு நான் போனதில்லை. போக வேண்டியவனாக இருந்தேன். அந்தத் திட்டத்தை என்னை எழுதவைத்தவர் எங்கள் ஹெட்கிளார்க்.

ஹெட்கிளார்க்கைக் கம்பெனியில் இருந்த மலையாளிகள் ஸ்வாமி என்றார்கள். நான் சார் என்றேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மனைவி இல்லை. மகள் ஒருத்தி, அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் கிடங்கின் பூட்டைத் திறக்கும்போது பூட்டோடு பேசுவார். மூட்டைகளோடு பேசுவார். மழை நாளில் ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீரை, "நீ போன வருஷம் வந்த எடத்துக்கே வந்துட்டயே" என்று விசாரிப்பார். மத்தியானம் சாம்பிள் மேஜையைத் துடைத்துவிட்டு நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து டிபன் பாத்திரத்தைத் திறப்போம். அவர் பேசுவார், நான் சாப்பிடுவேன். நான் சாப்பிட்டு முடித்ததும் அவர் அவசரமாகச் சாப்பிடத் தொடங்குவார். இப்படிப் பத்து வருஷம். மூட்டைகளின் மேல் அச்சுத் தகட்டை வைத்து மை பூசும் மார்க்கா சேட்டன் எங்களைப் பார்த்து, "ஸ்வாமி வாய், இவன் காது. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு ஆள்" என்பார். ஹெட்கிளார்க் பேசுவது எனக்குப் பிடிக்கும் என்பதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் சரக்கு போகும் துறைமுகங்களில் ஒன்று மோஜி. கியூஷு தீவின் வடக்கு நுனியில் இருக்கிறது. மார்க்கா சேட்டன் மூட்டைக்கு மூட்டை அந்தப் பெயரைப் பதிக்கும்போது ஹெட்கிளார்க் பக்கத்தில் போய் நிற்பார். "பன்னிரண்டு வருஷமா இந்தப் பேரைப் பாக்கறேன். எப்படி இருக்கும்னு தெரியலை. ஒரு டீக்கடையாவது இருக்குமா, என்னமோ" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு மோஜியில் இருந்த வியாபாரியிடமிருந்து புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய சுக்கில் பாதி வண்டரித்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இங்கே வைத்திருந்த சாம்பிளில் ஒரு ஓட்டைகூட இல்லை. கடிதத்தில் தீராத விஷயமானதால், சரக்கைத் தெரிந்த இரண்டு பேர் நேரில் போய் மூட்டையைப் பிரித்துப் பார்க்கட்டும் என்று முதலாளி முடிவு செய்தார். ஹெட்கிளார்க் பேசுவதற்கு, நான் சுக்கை ஒடித்துப் பார்ப்பதற்கு. கொச்சியிலிருந்து போகும் சரக்குக் கப்பலில் நாலைந்து பேருக்கு இடம் உண்டு. அந்தக் கப்பல் எங்களை மோஜியில் இறக்கிவிட்டு, வடக்கே மற்றத் துறைமுகங்களுக்குப் போய், எட்டாம் நாள் திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும். சரக்கு வேலைக்கு மூன்று நாள் போதும். மீதி ஐந்து நாள் சும்மா இருக்க வேண்டும் என்று முதலாளி சங்கடத்தோடு சொன்னபோது, ஹெட்கிளார்க்கின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

மோஜி வியாபாரிக்கு எழுதி ஒரு வழிகாட்டித் தாளை வரவழைத்தார். ஆங்கிலத்தில் அச்சிட்டது. எட்டாக மடித்திருந்ததை விரித்தால் சாம்பிள் மேஜை முழுக்க வந்தது. ஒரு பக்கம் வர்ணப் படங்கள். மறுபக்கம் தீவின் வரைபடமும் ரயில் நேரங்களும். சாயங்காலம் நாலரைக்குக் கிடங்கில் தூசி அடங்கியதும் நாங்கள் அதன் முன் உட்காருவோம். எண்களும் நேரங்களும் எனக்கு நன்றாக வரும். மனிதர்களோடு இருக்கும்போது வரும் படபடப்பு அவற்றோடு இருக்கும்போது எனக்கு வருவதில்லை. சாக்குத் தைக்கும் சணல் நூலை எடுத்து வரைபடத்தில் ரயில் பாதையின் மேல் வளைத்து வைத்து, பிறகு நீட்டி அளந்து, எத்தனை மைல் என்று சொல்வேன். அவர் அந்த மைலை நம் ஊருக்கு மாற்றுவார். "அப்போ ஆலுவாயிலேருந்து பாலக்காடு. சரி. நடுவிலே ஒரு காப்பி."

முழுத் தீவையும் நான்கு நாளில் சுற்ற முடியாது. வடபாதியை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டோம். முதலில் மேற்கே போய்விட்டுத் திரும்பும்போது கிழக்கைப் பார்த்தால் ரயில் வசதியாக இருந்தது. நான் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, "இது அப்பிரதட்சிணமாவல்லே போறது? கோவிலானாலும் ஊரானாலும் வலமாத்தான் சுத்தணும். இடமாச் சுத்தச் சொன்னா எனக்குக் காலே எழும்பாது" என்றார். ரயிலுக்கு அது தெரியாது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. மறுபடி எழுதினேன். மோஜியிலிருந்து கிழக்குக் கரையோடு தெற்கே பெப்பு என்ற ஊர் வரை முதல் நாள். பெப்புவில் இரண்டாம் நாள் முழுக்க. அங்கே பூமியிலிருந்து கொதிநீர் வருகிறது, ஒரு குளம் சிவப்பு, ஒரு குளம் நீலம் என்று படத்தில் இருந்தது. மூன்றாம் நாள் குறுக்கே ரயிலேறி, புகையும் வாயுள்ள அசோ என்ற மலை. நான்காம் நாள் மேற்கே குமமோட்டோவில் ஒரு கோட்டை. அங்கிருந்து வடக்கே மோஜி. ஐந்தாவது நாளை எதற்கும் இருக்கட்டும் என்று கையில் வைத்துக்கொண்டோம். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம் வரும், ஆகவே இடப்பக்க ஜன்னலைப் பிடிக்க வேண்டும் என்றுகூட நான் குறித்தேன்.

சேட்டன் மையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். "ஸ்வாமிக்கு அவிடெ சோறும் மீனும் அல்லாதே ஒண்ணும் கிட்டாது கேட்டோ. மீன் தட்டிலே இருந்து கண்ணைத் தொறந்து ஸ்வாமியைப் பாக்கும்."

"பாக்கட்டும். நானும் அதைப் பாக்கறேன். பாத்துட்டுச் சோத்தை மட்டும் திம்பேன்."

"இவன் என்ன திம்பான்?"

"அவன் ரயில் டைமைத் தின்னுடுவான்" என்றார் ஹெட்கிளார்க். நான்கூடச் சிரித்தேன்.

இரண்டாம் நாள் மாலைக்கு ஒன்றும் எழுதாமல் இருந்தது. குளங்களைப் பகலிலேயே பார்த்துவிடலாம். "சாயங்காலம் என்ன பண்றது?" என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்து, ஊர் கடற்கரையில்தான் இருக்கிறது என்றேன். "அப்போ வேறென்ன வேணும்? எழுது" என்றார். நான் எழுதினேன்: 'மாலை. கடற்கரை. சூரியன் கடலில் இறங்குவது காண. இருவர்.' ஒவ்வொரு நாளின் கடைசியிலும் 'இருவர்' என்று போட்டிருந்தேன். சீட்டு எழுதிய பழக்கம். அளவைக் குறிக்காமல் ஒரு வரியை முடிக்க எனக்கு வராது. சேட்டன் எட்டிப் பார்த்து, "அவிடத்தெ ஆளுகள் குள்ளம் அல்லே, சூரியனும் குட்டியாயிட்டு இருக்கும்" என்றார். அசலை ஹெட்கிளார்க் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நகல் எனக்கு.

எர்ணாகுளத்தில் போட்டோ எடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி போய் பாஸ்போர்ட் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அன்று மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி எர்ணாகுளத்தில் இறங்கினேன். இறங்கிய இடத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. கடலுக்குப் பயந்தேன் என்றால் பெருமையாக இருக்கும். அது அல்ல. கப்பலில் தெரியாத மனிதர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். மோஜியில் நான்கு பேர் பார்த்திருக்கச் சுக்கை ஒடிக்க வேண்டும். இவற்றையெல்லாம்கூடத் தாண்டிவிடுவேன் என்றுதான் தோன்றியது. தாண்ட முடியாமல் நின்றது அந்த நான்கு நாள். ஆபீஸில் எங்களுக்கு நடுவே மேஜை இருந்தது, மூட்டை இருந்தது, மணியடித்தால் எழுந்து போக ஒரு வேலை இருந்தது. அங்கே நானும் அவரும் மட்டும். அவர் ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். நான்கு நாளும் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவன் இவன் என்று இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துபோகும். அவ்வளவுதான் என் பயம். இன்று எழுதும்போது சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அன்று அது சின்னதாக இல்லை. மூன்று படகுகளை விட்டு நான்காவது படகில் திரும்பினேன்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி, டாக்டர் தனியே விடக்கூடாது என்கிறார் என்று ஆபீஸில் சொன்னேன். ஹெட்கிளார்க் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, "அம்மாவாக்கும் முக்கியம். ஜப்பான் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு வாசலில் நின்றார். எங்கள் வீட்டில் வாசலிலிருந்து பார்த்தால் நேரே கிணற்றடி தெரியும். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு குடம் இடுப்பிலும் ஒரு வாளி கையிலுமாக வந்துகொண்டிருந்தாள்.

"ஒடம்பு தேவலையா மாமி?" என்றார்.

"எனக்கென்ன, கல்லாட்டமா இருக்கேன். உள்ளே வாங்கோ. இவன் ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க வரேள்னு" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பழத்தை அம்மாவிடம் கொடுத்தார். காப்பி குடித்தார். அம்மாவோடு மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் வழக்கம்போலப் பேசினார். போகும்போது என் தோளில் ஒருமுறை தட்டினார். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் அப்போதே தயாராக இருந்தது. உங்களோடு வர இஷ்டமில்லாமல் இல்லை, சார். இவ்வளவுதான். தெருமுனை வரை அவர் பின்னால் நடந்தேன். அவர் திரும்பி, "நீ போ, பழம் கறுத்துடும், இன்னிக்கே சாப்பிடச் சொல்லு" என்றார். நான் திரும்பிவிட்டேன்.

அவர் தனியாகவே போனார். முதலாளி வேறு யாரையாவது கூட அனுப்பலாம் என்றதற்கு, சுக்கை ஒடிக்கத் தனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டாராம். கப்பல் கிளம்பிய அன்று துறைமுகத்து வார்ஃபுக்கு நானும் போனேன். பின்னால் நின்றேன். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வண்டு விவகாரம் தீர்ந்துவிட்டது. கப்பலில் அடித்தட்டில் ஈரம் பட்ட மூட்டைகள் மட்டும்தான் அரித்திருந்தன. ஆபீஸில் எல்லோரும் சாம்பிள் மேஜையைச் சுற்றி நின்றோம். எனக்கு ஒரு காகித விசிறி கொண்டுவந்திருந்தார். சிவப்புக் குளத்தைப் பற்றிச் சொன்னார். தெருச் சாக்கடையிலிருந்துகூட ஆவி வருகிறது, அதில் முட்டை வேகவைக்கிறார்கள் என்றார். மலையின் வாய்க்குள் எட்டிப் பார்த்ததைச் சொன்னார்.

"அப்போ அந்தக் குட்டி சூரியன்?" என்று சேட்டன் கேட்டார்.

ஹெட்கிளார்க் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குட்டியும் இல்லே, ஒண்ணுமில்லே. நம்ம ஃபோர்ட் கொச்சியிலே எறங்கறாப்பலேதான். ஒரு செம்பு உருளியைக் கவுத்தா எப்படி இருக்கும்? அப்படி நேரே கடல்லே போய் எறங்கித்து. இவன் எழுதிக் கொடுத்தானே, அதே மாதிரி."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். டாக்டர் சூடாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றார். அவர் வீட்டுக்குப் போய்வர அரைமணி நடக்க வேண்டும். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் பஜார் தெருவில் கைவண்டிகளுக்கு நடுவே நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நான் டிபன் பாத்திரத்தைத் திறப்பேன். எதிரே யாரும் இல்லாத மேஜையில் எவ்வளவு சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூட்டையோடும் பூட்டோடும் பேசுவதை அவர் விடவில்லை. என்னோடும் பேசினார், வேலைக்கு வேண்டிய அளவு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா காலமானாள். அவர் ஓய்வு பெற்று, பள்ளுருத்தியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டோடு போனார். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை மனதில் ஒட்டிப் பார்த்துக் கிழித்தேன்.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. அக்கா பெண்ணுக்கு மெட்ராஸில் கல்யாணம் என்று போனேன். கொச்சியிலிருந்து அவ்வளவு தூரம் நான் போனது அதுவே முதல் தடவை. கல்யாண வீட்டில் எல்லோரும் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் கடற்கரைக்குப் போய்விட்டேன். மணலில் கடலைப் பார்க்க உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் சாயங்காலம் கடலுக்குப் போவது சூரியன் இறங்குவதைப் பார்க்கத்தான். இறங்கியதும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்போம். நான் காத்திருந்தேன். கடல் சாம்பல் நிறமாயிற்று. மேகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுண்டல் விற்கும் பெண் ஒருத்தி இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனவள் மூன்றாம் தடவை நின்றாள்.

"இன்னா சார், ரொம்ப நேரமா கடலையே பாத்துக்கினு குந்தினுகீற?"

"சூரியன் இறங்கட்டும்னு..." என்றேன்.

அவள் சிரித்தாள். "அது அப்பவே பின்னால பூட்ச்சே. இங்க காலைல வா சார், கடல்லேந்து வரும்."

திரும்பிப் பார்த்தேன். கட்டிடங்களுக்கு மேலே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தெரியாததல்ல. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக மேற்குக் கரையில் இருந்தவனுக்குக் கடல் என்றால் அது மேற்குதான். அவளிடம் சுண்டல் வாங்கிக்கொண்டேன். வாயில் போட்ட முதல் பிடியை மெல்லும்போது எனக்குப் பெப்பு ஞாபகம் வந்தது. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம். நானேதான் குறித்தேன். வலமாகச் சுற்ற வேண்டும் என்று முதலில் கிழக்குக் கரைக்குப் போனோம். பெப்பு கிழக்குக் கரை. அங்கே சூரியன் கடலில் இறங்காது.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து நகலை எடுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அப்படியானால் அவர் அன்று மேஜையைச் சுற்றி நின்றவர்களிடம் சொன்னது நடக்காத காரியம். சிவப்புக் குளம், ஆவி, மலையின் வாய் எல்லாமே அந்த வழிகாட்டித் தாளின் படங்களில் இருந்தவை. அவர் எங்கும் போகவில்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு விடுதி அறையில், பேச ஆளில்லாமல், ஐந்து நாள் கப்பலுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து நான் எழுதிக் கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொன்னார். பன்னிரண்டு வருஷம் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். இதற்குக் காரணம் நான். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு மூட்டைக்குச் சீட்டை மாற்றி ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்திக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஹெட்கிளார்க் முன்னறையில் சாய்வுநாற்காலியில் இருந்தார். மூட்டுகள் வீங்கி, எழுந்து நடப்பது சிரமமாகிவிட்டது. என்னைப் பார்த்ததும், "வா வா. இந்தச் சுவரோட பேசிப் பேசி அதுக்கு வெறுத்துப்போச்சு" என்றார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். மெட்ராஸ் கடற்கரையில் உட்கார்ந்திருந்ததையும் சுண்டல்காரி சொன்னதையும் சொன்னேன். என் வாயிலிருந்து தொடர்ந்தாற்போல அவ்வளவு வாக்கியங்கள் வந்து அவர் கேட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு, "சார், அந்த ரெண்டாம் நாள் சாயங்காலம்..." என்று நிறுத்தினேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

"கண்டுபிடிச்சுட்டயா? எட்டு வருஷமாச்சே."

"நீங்க போகவே இல்லையா, சார்?"

"போகாம என்ன? நீ எழுதினபடி ஒண்ணு விடாம போனேன். பெப்புலே சாயங்காலம் நாலரைக்கே மணல்லே போய் நின்னாச்சு. ஒன்றரை மணி நேரம் நின்னேன். கடல் கறுத்துண்டே வரது, சூரியனைக் காணலை. மேகமாக்கும்னு நெனைச்சேன். அங்கே சுடுமணல்லே ஆளைக் கழுத்து மட்டும் பொதைச்சு வைப்பா, வாதத்துக்கு நல்லதாம். அந்த வேலை பண்ற ஒரு கிழவி மண்வெட்டியும் கையுமா வந்தா. என் தோளைத் தொட்டா. பின்னாலே கையைக் காமிச்சா. திரும்பிப் பாத்தா, மலைக்கு அந்தாண்டை எல்லாம் முடிஞ்சாச்சு. செகப்பு மாத்திரம் பாக்கி."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சிரிப்பு தாங்கலை. பக்கத்துலே நீ இருக்கேன்னு நெனைச்சுண்டு, 'பாத்தயாடா, நாம ரெண்டு மடையன்'னு உரக்கச் சொல்லிட்டேன். தமிழ்லே. அந்தக் கிழவி என்ன புரிஞ்சுண்டாளோ, தலையை ஆட்டினா."

"அப்புறம் ஏன் ஆபீஸ்லே அப்படிச் சொன்னேள்?"

"பின்னே? அத்தனை பேரும் சுத்தி நின்னா. நீ எழுதினதல்லே அது. சேட்டன் விடுவானா? ஒரு வருஷம் உன்னை வெச்சுச் சிரிச்சிருப்பான். நீ மறுநாள் வேலைக்கே வந்திருக்கமாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை?"

நான் சொல்ல வந்தது வேறு. அதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார். குரல் தணிந்திருந்தது. சிரிப்பு போயிருந்தது.

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அம்மா அன்னிக்குக் கிணத்தடியிலே குடத்தோட நின்னா. அது போகட்டும். நான் ஓயாம பேசறதுனாலேதானே நீ வரலை? நாலு நாள் இந்த மனுஷனோட எப்படி இருக்கறதுன்னு உனக்குத் தோணியிருக்கும். கப்பல்லே எனக்கு அதாக்கும் யோசனை. சாப்பிடற நேரத்துலேயாவது உன்னை நிம்மதியா விடணும்னு வெச்சிண்டேன்."

சூடாகச் சாப்பிடச் சொன்னது எந்த டாக்டர் என்று எனக்கு அப்போது விளங்கியது. இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது. அதற்குப் பின்னால் அந்த வாக்கியமும் இருந்தது. மகள் ஒரு கையில் காப்பியும் மறு கையில் மருந்துமாக வந்தாள். "அப்பா, முதல்லே மருந்து. அப்புறம் பேச்சு" என்றாள். அவர் மருந்தை விழுங்கி முகத்தைச் சுளித்தார். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று அவள் என்னைக் கேட்டாள். போதும் என்றேன். அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டமா என்று கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹெட்கிளார்க் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். "அந்தப் பேப்பர் இருக்கா உன்கிட்ட?" என்று கேட்டார். நகல் இருக்கிறது என்றேன். "நாளைக்குக் கொண்டு வா. தப்பைத் திருத்திடலாம். அஸ்தமனத்தை அடிச்சுட்டு உதயம்னு போடணும்" என்றார். சரி என்றேன். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். முதலில், நீங்கள் பேசுவது எனக்குப் பிடிக்கும். பிறகு மற்றது.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை முடிந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனேன். ஹெட்கிளார்க் தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க மூட்டு வலியாம், இப்போதுதான் கண்ணை மூடினாராம். "எழுப்பட்டுமா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆறு மணி பஸ்ஸில் திரும்பினேன். அவரை நான் பார்த்தது அதுவே கடைசித் தடவை.